தொழிலக விபத்து வகைப்பாடு

வேலையிடத்தில் நேரும் விபத்துகளைக் கடுமை, நேர்ந்த விதம், காரணமான பொருள், காயம்பட்ட உறுப்பு ஆகியவற்றைக் கொண்டு இனம் பிரிக்கும் முறை. காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையின் சிறு பட்டறையானாலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பெரிய ஆலையானாலும், விபத்தை யாருக்குத் தெரிவிப்பது, எவ்வளவு இழப்பீடு தருவது என்பதை இந்த இனப்பிரிப்பே தீர்மானிக்கிறது.

கடுமை

1881-ஆம் ஆண்டு இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்த ஆலைகளில் ஆபத்தான இயந்திரங்களுக்குத் தடுப்பு அமைக்கச் சொன்னது. 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் மரணம், நிரந்தர முழு ஊனம், நிரந்தரப் பகுதி ஊனம், தற்காலிக ஊனம் என்று பிரித்தது. பின்னர் விரிந்த அதன் அட்டவணைப்படி, கட்டை விரலை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடும் ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 விழுக்காடும் இழப்பு. பவர் பிரஸ்ஸில் கை மாட்டிக்கொண்ட தொழிலாளியின் இழப்பீடு இத்தகைய எண்களைக் கொண்டே கணக்கிடப்படுகிறது.

1948-இன் தொழிற்சாலைகள் சட்டம், 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வரமுடியாதபடி செய்யும் காயத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டியதாக்கியது. யாருக்கும் காயமில்லாவிட்டாலும் தெரிவிக்க வேண்டிய ‘ஆபத்தான நிகழ்வு’களும் 1976 திருத்தத்தால் இதில் சேர்ந்தன. போபால் நச்சுவாயுக் கசிவுக்குப் பின், 1987 திருத்தம் அபாயகரமான தொழில்முறைகளுக்குத் தனி அத்தியாயம் வகுத்தது.

நேர்ந்த விதம்

1962-இல் பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு விபத்துகளை ஒன்பது வகையாக்கியது: ஆள் விழுதல், மேலிருந்து பொருள் விழுந்து தாக்குதல், பொருளை மிதித்தல் அல்லது அதில் மோதுதல், இடையில் சிக்குதல், அளவுமீறிய உடலுழைப்பு, கடும் வெப்பம் அல்லது குளிர், மின்சாரம், நச்சுப் பொருளும் கதிர்வீச்சும், மற்றவை. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3786 இவ்வகைப் பிரிப்போடு கணக்கிடும் முறையையும் தந்தது. பத்து லட்சம் மனித மணி நேர வேலைக்கு எத்தனை விபத்து என்பது நிகழ்வு வீதம். அதே நேரத்தில் எத்தனை வேலைநாள் இழப்பு என்பது கடுமை வீதம். ஒரு மரணம் 6,000 வேலைநாள் இழப்பாகக் கொள்ளப்படும்.

திருவள்ளூர் வட்டாரம்

2024 மே 30 அன்று காக்களூர் சிட்கோவில் பெயின்ட் தொழிற்சாலை தீப்பற்றி 4 பேர் இறந்தனர். இது அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் வந்த விபத்து. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் திட்டப் பணியிடத்தில் எஃகு அமைப்பு சரிந்து 9 பேர் இறந்தது கட்டுமானத் தொழிலாளர்களுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உரியது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது மூச்சுத் திணறியவர்கள் அக்கம்பக்கத்து மக்கள். எனவே ஆலைப் பதிவேட்டின் காயக் கணக்கு மட்டும் அதற்குப் போதாது. இரசாயன விபத்து விதிகளும் வேண்டும்.

தொழிற்சாலை, கட்டுமானச் சட்டங்கள் உட்பட 13 சட்டங்களை இணைத்த 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. 48 மணி நேர அளவுகோல் அதிலும் தொடர்கிறது.