வரைபடத்தின் வண்ணங்களும் நம் வீடுகளும்
சென்னை முழுமைத் திட்டங்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை

மனை வாங்க முற்படுகிறவர் மூலப்பத்திரம் கேட்கிறார். வில்லங்கச் சான்று எடுக்கிறார். தண்ணீர் உப்பா இனிப்பா என்றும், பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் எவ்வளவு தொலைவு என்றும் விசாரிக்கிறார். அந்நிலம் நகரின் திட்ட வரைபடத்தில் எந்த வண்ணத்தில் தீட்டப்பட்டுள்ளது என்று கேட்பவர் நம்மில் மிகச் சிலரே. ஆனால் ஒரு குடும்பம் எங்கே, எவ்வளவு பெரிய வீட்டில், என்ன விலைக்கு வாழ இயலும் என்பதை அந்த வண்ணம் பெருமளவு முன்கூட்டியே தீர்மானித்து விடுகிறது. சென்னையின் கடந்த ஒரு நூற்றாண்டு வரலாறு இதற்குச் சான்றாகும்.

சென்னை நகரமைப்புச் சட்டம் 1920-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. மாம்பலத்து நெடிய ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில்தான். அகன்ற சாலைகளும் நடுவே பூங்காவுமாக அமைந்த அழகிய நகர் அது. எனினும் அங்கு மனை வாங்க இயன்றவர்கள் வசதி படைத்தோரே. நகரம் முழுமைக்குமான திட்டத்திற்கு மேலும் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1971-இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் நிறைவேறியது. 1972-இல் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் தோன்றி, 1974-இல் சட்டத் தகுதி பெற்றது. 1976-இல் முதலாம் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை என நிலமனைத்தும் வகுக்கப்பட்டது. வேளாண்மை என வகுக்கப்பட்ட நிலத்தில் மனைப்பிரிவு போட வேண்டுமாயின் முதலில் நிலப் பயன்பாட்டு மாற்றத்திற்கு அனுமதி பெற வேண்டும். குடியிருப்புப் பகுதியிலோ மனையின் குறைந்தபட்ச அளவு, சாலை அகலம், சுற்றிலும் விட வேண்டிய காலியிடம் என விதிகள் அடுக்கடுக்காக வந்தன. காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்ற நல்ல நோக்கத்தை எவரும் குறை கூற இயலாது. ஆயினும் விதிகள் கேட்கும் ‘குறைந்தபட்ச வீடு’ கூலித் தொழிலாளியின் வருவாய்க்கு எட்டாததாயின், சட்டத்திற்கு உட்பட்ட வீடு என ஒன்று அவருக்கு இல்லாமலே போகிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க மேற்கொள்ளப்பட்ட ஒரு முயற்சி நமது கவனத்திற்கு மிகவும் உரியது. உலக வங்கியின் கடனுதவியோடு 1977-இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் ‘மனையும் அடிப்படை வசதிகளும்’ என்னும் முறை கையாளப்பட்டது. அரசு வீடு கட்டித் தரவில்லை. சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய், மின்சாரம் ஆகியவற்றை அமைத்து, சிறு மனைகளாகப் பிரித்துத் தவணை முறையில் வழங்கியது. மிகச் சிறிய மனை 40 சதுர மீட்டர், அதாவது சுமார் 430 சதுர அடி. ஒரு கிரவுண்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை! பெரிய மனைகளும் கடைகளுக்கான மனைகளும் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டு, அவ்வருவாய் சிறு மனைகளின் விலையைத் தாங்கியது. குடும்பங்கள் முதலில் ஓர் அறை எழுப்பின; பணம் சேரச் சேர மாடி கட்டின; சில ஆண்டுகளில் ஒரு பகுதியை வாடகைக்கும் விட்டன. தொடக்கத்தில் ஆள் வரவு மந்தமாக இருந்ததால் இத்திட்டம் தோல்வி என்றே சிலர் எழுதினர். பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்தவர்களோ, பல தரப்பு வருவாயினரும் கலந்து வாழும் உயிருள்ள குடியிருப்புகளாக அவை வளர்ந்திருப்பதைக் கண்டனர். அம்முறை 1990-களுக்குப் பின் கைவிடப்பட்டது பேரிழப்பு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

அதன் இடத்தை நிரப்பியவை இரண்டு. ஒன்று, நகரின் நடுவே குடிசைகளில் இருந்தோரைத் தொலைவிலுள்ள அடுக்குமாடிகளுக்குப் பெயர்த்தல். 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரும், பின்னர் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இவ்வாறு எழுந்தன. மேலே கூரை கிடைத்தது. ஆனால் வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் பழைய இடத்திலேயே நின்றன. மற்றொன்று, நம்மில் பலரும் அறிந்த ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனை. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை என்பதை அறியாமலே, வளைகுடா நாடுகளில் உழைத்துச் சேர்த்த பணத்தை அதில் போட்டவர்கள் ஏராளம். 2016 செப்டம்பர் 9 அன்று இத்தகைய மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, மகளின் திருமணத்திற்காக மனையை விற்க எண்ணியிருந்த தந்தைமார் திகைத்து நின்றனர். 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வெளியாகி, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணத்துடன் வழி பிறந்தது.

2008 செப்டம்பரில் இரண்டாம் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 1.5 என அதில் இருந்தது. ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், 3,600 சதுர அடி கட்டலாம் என்பது இதன் பொருள். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இதனை 2 ஆக உயர்த்தின. அதே மனையில் 4,800 சதுர அடி. வீடுகள் பெருகினால் வாடகை குறையும் என்பது கணக்கு. ஆனால் அனுமதி கூடும்போது நிலத்தின் விலையும் கூடவே ஏறுகிறது. குறுகிய தெருவில் அரை கிரவுண்டு வைத்திருப்பவர், சாலை அகலம், காலியிடம், வாகன நிறுத்தம் ஆகிய விதிகளால் அந்தக் கூடுதல் உரிமையை முழுதும் பயன்படுத்த இயலாது. பயன் பெரும்பாலும் அகன்ற சாலையின் பெருமனைகளுக்கே சென்றது. மண்ணடியை உள்ளடக்கிய ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகள் ‘தொடர் கட்டடப் பகுதி’ எனத் தனியே வகுக்கப்பட்டது ஓர் ஆறுதல். அவ்விதி இல்லையேல், சுவரோடு சுவர் ஒட்டிய குறுகிய பூர்வீக வீட்டை இடித்துவிட்டு மீண்டும் கட்டவே முடியாது.

இரண்டாம் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டது. 2027 முதல் 2046 வரையிலான காலத்திற்கென மூன்றாம் திட்டத்தின் பணிகள் தொடங்கப்பட்டன. இதற்கிடையே 2022-இல் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. காஞ்சிபுரம், அரக்கோணம் வரையுள்ள நிலங்களும் இதனுள் அடங்கும். சட்டப்படி, முழுமைத் திட்டத்தின் வரைவு வெளியிடப்பட்டபின் ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் குறைந்தது இரண்டு மாத அவகாசம் அளிக்கப்பட வேண்டும். அவ்வாறு மனு எழுதும் ஜமாஅத்தார் கிராமத்தின் பெயர், சர்வே எண், வரைபடம் காட்டும் பயன்பாடு, தாம் கோரும் பயன்பாடு, அதற்கான காரணம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு, அளித்ததற்கான ஒப்புகையையும் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.