மேளம் பேசி முடித்த கதை

சென்ற தை மாதத்தில் ஆம்பூரில் என் தங்கை மகளுக்குக் கலியாணம். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாம் மாதக் கணக்கில் முன்னதாகவே முடிந்துவிட்டன. மேளம் ஒன்றுதான் பாக்கி. "கதை எழுதுகிறவருக்குச் சங்கீதம் தெரியாமலா இருக்கும்? மச்சானே போய்ப் பேசி முடிக்கட்டும்" என்று தங்கை கணவர் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். எனக்குச் சங்கீதம் தெரியும் என்பதற்கு இதுவரை கிடைத்திருக்கும் ஒரே அத்தாட்சி அவருடைய அந்த வாக்கியந்தான். கூடவே, "எவ்வளவு கேட்டாலும் ஐயாயிரம் குறைத்துச் சொல்லுங்கள்" என்று ஓர் உபதேசமும் செய்து அனுப்பினார்.

ஆம்பூரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இரண்டு வாசனைகள் கூட வரும். ஒன்று பிரியாணி, மற்றொன்று தோல். தவுல்காரர் வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டாவதுதான் ஓங்கியிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய மனிதர். சுவரில் உறை போட்டு இரண்டு தவுல்கள் மாட்டியிருந்தன. எப்படியாவது பேச்சைத் தொடங்க வேண்டுமே என்பதற்காக, "தோல் ஊரிலே இருக்கிறீர்கள். தவுலுக்குத் தோல் கட்டுவதற்கு அலைய வேண்டியதில்லை" என்றேன்.

அவர் சிரித்தார். "ஊரு நெறையத் தோலு கீது சார். ஒண்ணுகூட நமக்கு ஒதவாது."

என் அறியாமையை அவர் போக்கியது ஒரு தனிப் பாடம். பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, சற்றுத் தள்ளிப் பேரணாம்பட்டு என்று வரிசையாக நூறாண்டுக்கு மேலாகத் தோலைப் பதனிட்டு வருகிறார்கள். முன்பு ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊற வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் குரோம் உப்பு வந்தது. அதிலிருந்து எடுத்த ஈரத் தோல் நீலமாக இருக்கும். எப்படிப் பதனிட்டாலும் பயன் ஒன்றே: தோல் அழுகாது, விறைக்காது, மெத்தென்று வளைந்து கொடுக்கும். செருப்புக்கு அது குணம். வாத்தியத்துக்கு அதுவே குற்றம். தவுலுக்கு வேண்டியது பதனிடாத பச்சைத் தோல். மயிர் களைந்து, சுரண்டி, ஈரத்தோடு இழுத்துக் கட்டிக் காயவிட்டால் அது விறைத்து நின்று பேசும். ஒரு பக்கத்துக்கு ஆட்டுத் தோல், மறு பக்கத்துக்கு எருமைத் தோல். உடல், பலாமரத்தைக் குடைந்தது. அந்தக் காலத்தில் தோல் வாரை இழுத்து இறுக்கினார்கள். இப்போது போல்ட்டும் நட்டும் வந்துவிட்டன. வலக்கை விரல்களுக்கு மாவுப் பசையால் செய்த கூடுகள், இடக்கைக்குப் பூவரசங் குச்சி.

"பதம் பண்ணின தோலு ஊமை சார்" என்று அவர் முடித்தார். இந்த வாக்கியத்தை நான் எழுதியிருந்தால் ஒரு பாரா முழுவதும் அதைக் கொண்டாடியிருப்பேன். அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். முப்பதாயிரம் கேட்டார். ஐந்து பேர்: நாயனம் இரண்டு, தவுல் இரண்டு, தாளம் ஒன்று, சுருதிக்குப் பெட்டி. நான் உபதேசப்படி பேசினேன். இருபத்தைந்துக்கு இறங்கினார். வெற்றிலை பாக்கின் மேல் ஐயாயிரம் முன்பணத்தை வைத்துக் கொடுத்துவிட்டு வெற்றி வீரனாகத் திரும்பினேன்.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை. வெற்றி உறுத்தியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். காப்பி அதிகம் என்றே வைத்துக்கொள்வோம். கலியாணத்துக்கு வாத்தியக்காரரைக் கூலி பேசி அமர்த்தும் வழக்கம் எப்போது வந்தது என்று யோசிக்கலானேன்.

பழைய நாளில் 'பேசுவது' என்பதே மிகக் குறைவு. கோவில் மேளக்காரருக்கு மானிய நிலம் இருந்தது. கிராமத்து வாத்தியக்காரருக்கு அறுப்புக் காலத்தில் களத்து மேட்டிலே நெல் அளந்தார்கள். அதற்கு மேரை என்று பெயர். ஊரில் நடக்கும் கலியாணம் அவர் உரிமை; வாசிக்க வேண்டியது அவர் கடமை. தஞ்சைச் சீமையில் இசை வேளாளர் என்று பின்னால் பெயர் கொண்ட சமூகத்தார் இந்தக் கலையை வளர்த்தார்கள். வேறு பல பகுதிகளில் முடிதிருத்தும் மருத்துவர் சமூகத்தார் கலியாண வீட்டில் க்ஷவரமும் செய்து நாயனமும் வாசித்தார்கள். பறைக்கு அந்தச் சலுகையும் இல்லை. செத்த மாட்டை அகற்றுவதும், அதன் தோலை உரிப்பதும், அந்தத் தோலிலே பறை கட்டிச் சாவுக்கு அடிப்பதும் ஒரே ஜாதியின் தலையில் சுமத்தப்பட்டிருந்தன. மறுத்தால் அடி. இதையெல்லாம் உரிமை என்று சொல்வது ஒரு கண்ணால் பார்ப்பது. கூலி பேச வாய் இல்லாத இடத்தில் உரிமை எங்கே வந்தது?

எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் சரித்திரத்தில் ஏறிய கலியாணம் ஒன்றே ஒன்று. 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தைக் கும்பினியார் வேலூர்க் கோட்டைக்குள் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 9-ஆம் தேதி அங்கே திப்புவின் மகள் ஒருத்திக்குக் கலியாணம். கலியாண வீடென்றால் யார் வந்தார், யார் போனார் என்று எவரும் கேட்பதில்லை அல்லவா? அந்தச் சாக்கில் சிப்பாய்கள் கோட்டைக்குள் கூடினார்கள். 10-ஆம் தேதி விடிவதற்கு முன்பே துப்பாக்கிகள் வெடித்தன. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டார். நூற்றுக் கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள்.

அந்தக் கலகத்துக்குக் காரணம் பல. நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை ஒழுங்கு செய்ய வேண்டும் என்ற கட்டளைகள் ஒரு புறம். மற்றொரு புறம் புதுத் தலைப்பாகை. அதில் தோலால் ஆன ஒரு சின்னம் இருந்தது. பசுத் தோலோ, பன்றித் தோலோ என்ற ஐயம் இரண்டு மதத்தாரையும் ஒருங்கே கலக்கியது. தோலைத் தொட்டுப் பிழைப்பவரை ஒதுக்கி வைத்த ஊரில், தலையிலே தோல் ஏறியவுடன் ராஜ்யமே ஆட்டங் கண்டது!

கும்பினிப் பட்டாளத்தோடு இன்னொன்றும் வந்தது: பேண்டு வாத்தியம். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனைக்கே ஒரு பேண்டு வைத்துக்கொண்டார். முத்துஸ்வாமி தீக்ஷிதர் அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத சாகித்தியம் செய்தார்; நோட்டு ஸ்வரம் என்று சொல்கிறோமே, அவை. இன்றைக்கும் கலியாண ஊர்வலத்தில் நாயனக்காரர் இங்கிலீஷ் நோட்டு வாசித்தால் குழந்தைகள் குதிக்கின்றன. பட்டாளத்துச் சிவப்புக் கோட்டும் தோள் பட்டையும் பித்தளைக் குழல்களும் மெல்ல மெல்லத் தெருவுக்கு இறங்கிவந்து, ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதமில்லாமல் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னே நடந்தன.

பிறகு ரெயில். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து எங்கள் வாலாஜா ரோடு வரைதான் விடப்பட்டது. சென்னைத் துறைமுகத்துக்குத் தோல் கட்டுகள் போன பாதையிலேயே, காலப்போக்கில், சோழ நாட்டு வித்வான்களும் எதிர்த் திசையில் வரலானார்கள். பணமுள்ளவர் எந்த ஊரில் இருந்தாலும் தஞ்சாவூர் மேளத்தை வரவழைக்கலாம் என்று ஆயிற்று. களத்து மேட்டு நெல் போய், 'செட்டு', 'ரேட்டு', 'அட்வான்ஸு' என்ற பேச்சுகள் வந்தன. கலியாணப் பத்திரிகையின் கீழ்ப் பகுதியில் நாதஸ்வர வித்வானின் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவது கௌரவமாயிற்று.

பெயரைப் போட்டார்கள், மனிதரை எங்கே வைத்தார்கள் என்பதுதான் விஷயம். சுயமரியாதை இயக்கத்தார் திரும்பத் திரும்பச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கலியாண ஊர்வலம். நாதஸ்வரம், மதுரை சிவக்கொழுந்து. மேலே சட்டை கிடையாது. வழிகிற வேர்வையைத் துடைக்கத் தோளில் ஒரு துண்டு. வாத்தியக்காரன் எங்கள் முன்னால் துண்டு போடுவதா, எடுத்து இடுப்பில் கட்டு என்றார்கள் பெரிய மனிதர்கள். கூட்டத்தில் இருந்த பட்டுக்கோட்டை அழகிரிசாமி முன்னால் வந்து, எடுக்காதே, அப்படியே வாசி என்றார். ஊர்வலம் நின்றுவிட்டது. கடைசியில் துண்டு தோளிலேயே இருந்தது, நாதஸ்வரம் வாசித்தது.

ஒரு முழத் துணி. அதற்கு ஓர் ஊர்வலமே நடுத்தெருவில் நிற்க வேண்டியிருந்தது.

அதே தலைமுறையில்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோன்றினார். 1898-இல் பிறந்து 1956-இல் மறைந்தவர். கிராப்பு வைத்தார், ஷெர்வானி போட்டார், மேடையில் உட்கார்ந்து வாசித்தார். காதைத் துளைத்த குட்டைத் திமிரி நாயனத்தை விட்டு, நீண்ட பாரி நாயனத்தைக் கையில் எடுத்தார். அவருக்கு ரேட்டுப் பேச எவருக்கும் துணிவு வராது. வருவதே பெரிய காரியம். 1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்ற வேளையில் ரேடியோவில் ஒலித்தது அவருடைய நாதஸ்வரந்தான். வாசலிலே நின்ற வாத்தியம் ராஜ்யத்தின் வாசலுக்கே மங்களம் வாசித்தது. ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும்: பிள்ளையவர்களின் கர்வத்தைப் பற்றி நூறு கதை சொல்லும் நம் ஜனங்கள், அந்தக் கர்வம் எந்தத் துண்டுக்குப் பதில் சொல்ல வந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை.

அதே 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழித்துச் சட்டம் வந்தது. கலியாண வீடுகளில் சதிர் வைக்கும் பழக்கம் அதற்கு முன்பே தேய்ந்திருந்தது, அத்தோடு போயிற்று. போனது நல்லதே. ஆனால் ஆடியவர்களுக்குப் பதில் அமர்த்தியவர்கள் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

தோல் வியாபாரமும் முஸ்லிம்களும் நிறைந்த எங்கள் பிரதேசத்தில், "நாதஸ்வரம் நம் மதத்து வாத்தியம்" என்று சொல்கிற அன்பர்கள் சிலர் உண்டு. அவர்களிடம் நான் ஷேக் சின்ன மௌலானாவின் பெயரைச் சொல்வேன். ஆந்திரத்தில் கரவதியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1999-இல் மறையும் வரை ராகம் பொழிந்தவர். எத்தனையோ ஹிந்துக் கலியாணங்களில் தாலி ஏறியது அவர் மூச்சில். அந்த மரபில் வந்த ஷேக் மெகபூப் சுபானி, காலிஷாபி தம்பதிக்கு 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ கிடைத்தது. இங்கே ஆம்பூர் நிக்காஹ்களில் பேண்டு வைப்பவர்களும் உண்டு. இசையே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அது அவரவர் வீட்டு விஷயம்.

பறையின் கதை இன்னும் விசித்திரம். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று தலித் மக்கள் ஊர் ஊராக மறுத்துப் போராடிய வாத்தியம் அது. கைவிட்டதும் சுயமரியாதைக்காக, பின்னால் அதையே கலை என்று கையில் எடுத்ததும் சுயமரியாதைக்காக. 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வந்தது. இப்போது கலியாணத்துக்கே பறைக் குழுவை ரேட்டுப் பேசி அழைக்கிறார்கள். கேரளத்துச் செண்டையும் வேலூர் மண்டபங்களுக்கு வந்துவிட்டது. இவற்றுக்கு நடுவே, ஒரு பொத்தானை அழுத்தினால் கெட்டிமேளம் கொட்டும் பெட்டியும் இருக்கிறது. அதற்குச் சாப்பாடு போட வேண்டியதில்லை.

சாப்பாடு என்றதும் கலியாண நாள் நினைவு வருகிறது. முகூர்த்தம் குறையில்லாமல் நடந்தது. புரோகிதர் கையை உயர்த்தினார். அந்தப் பச்சைத் தோல் பேசிய பேச்சில் மண்டபத்துத் தும்மல், இருமல், சம்பந்தி வீட்டு முணுமுணுப்பு எல்லாம் அமுங்கிப் போயின. பிறகு பந்தி. மேளக்காரர்கள் கடைசிப் பந்தியில், சமையற்கட்டை ஒட்டி உட்காரட்டும் என்றார் வீட்டுப் பெரியம்மா ஒருவர். எனக்கு அழகிரிசாமியின் நினைவு வந்தது. வந்ததே தவிர, வாய் வரவில்லை. கலியாண வீட்டில் வம்பு எதற்கு என்று ஒரு தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தவுல்காரரே என்னிடம் வந்தார். "கடசிப் பந்தியே நல்லது சார். அப்பதான் சாம்பாரு கெட்டியா இருக்கும்" என்றார்.

மாலையில் பாக்கி இருபதாயிரத்தோடு, நான் குறைத்த ஐயாயிரத்தையும் சேர்த்துத் தட்டில் வைத்து நீட்டினேன். அவர் எண்ணிப் பார்த்து, ஐயாயிரத்தைத் தனியே எடுத்துத் திருப்பித் தட்டிலேயே வைத்தார்.

"பேசினது பேசினதுதான் சார். ஆனா, பத்திரிகையில மண்டபம் பேரு கீது, வீடியோக்காரர் பேருகூடக் கீது. எங்க பேரு இல்ல."

"இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன். அதிலே உங்கள் பெயரைப் போடட்டுமா?" என்று கேட்டேன்.

தவுலுக்கு உறை போட்டுக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"வேணாம் சார். எவ்ளோக்கு வாசிச்சேன்னும் எழுதிடுவீங்க."