தமிழ்நாட்டில் நவீன ஓவியம்

நவீன ஓவியம் என்பது, கண்ணால் காணும் உருவத்தை அப்படியே படியெடுப்பதை விடுத்து, கோடு, நிறம், வடிவம் ஆகியவற்றை முதன்மைப்படுத்தும் ஓவிய முறையாகும். இது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் தோன்றியது. ஒளிப்படக்கருவியின் வருகையும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

தமிழ்நாட்டில் இது சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியை மையமாகக் கொண்டு வளர்ந்தது. 1957 வரை அதன் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் நடப்பியல் பாணியை மெரினா உழைப்பாளர் சிலையில் காணலாம். அவருக்குப் பின் முதல்வரான கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) வேறு வழியை நாடினார். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் அவர் தலைமையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் நிறுவப்பட்டது. ஓவியம் மட்டும் சோறு போடாது என்பதால், அங்குள்ள கலைஞர்கள் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றனர்.

கருத்து வேறுபாடு

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையில் ஜாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் எழுத்தைப் போன்ற கீறல்களும் நிறைந்துள்ளன. அவற்றை வாசிக்க முயல்பவருக்கு எதுவும் கிடைக்காது. அவை வாசிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. "புரியவில்லை" என்ற குறை பெரும்பாலும் இங்குதான் தொடங்குகிறது.

வாசற்கோலமும் எதையும் படியெடுப்பதில்லை என்றும், கீழப்பழுவூர்ப் பகுதியின் சோழர்காலச் சிற்பங்கள்கூட உடற்கூற்றைவிடச் சிற்ப இலக்கணத்தையே பின்பற்றுகின்றன என்றும் ஆதரவாளர்கள் வாதிடலாம். ஆயினும் இவ்வொப்பீடு முழுமையானதன்று. கோலமும் சிற்பமும் ஊரார் அனைவரும் அறிந்த மரபுகள். நவீன ஓவியமோ பெரும்பாலும் தனியொருவர் ஆக்கிக்கொண்ட மொழி.

வரையத் தெரியாதவர்களே இப்படி வரைகின்றனர் என்ற குற்றச்சாட்டு வலுவற்றது. காந்தியைப் பல கோட்டோவியங்களில் வரைந்த கே. எம். ஆதிமூலம் (1938–2008), பின்னர் உருவமற்ற வண்ண ஓவியங்களுக்குச் சென்றவர் ஆவார்.