முத்துக்குளித்துறையில் மொழிக் கல்வி: புன்னைக்காயல் முதல் 'ஆனர்ஸ்' வரை

மொழியியலில் 'ஆனர்ஸ்' பட்டம் பெற விரும்பும் மாணவரிடம் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்றை எதிர்பார்க்கின்றன: உயர்ந்த மதிப்பெண், தாய்மொழி அல்லாத ஒரு மொழியில் பயிற்சி, பேராசிரியர் ஒருவரின் வழிகாட்டுதலில் எழுதிய சொந்த ஆய்வேடு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகமும் இதே திசையில்தான் செல்கிறது. நான்காண்டு ஆனர்ஸுக்கு 160 மதிப்பலகுகள் வேண்டும். ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ் என்றால் முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் 12 மதிப்பலகு ஆய்வேடும் தேவை. மொழியை இப்படி முறையாகக் கற்று, ஆராய்ந்து, எழுதிக் காட்டும் வழக்கம் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் புதிதன்று. இங்கே அது பேச்சிலிருந்து தொடங்கியது. பிற்காலத்தில் ஏட்டுக்கு நகர்ந்தது. இந்த நகர்வில் நாம் இழந்தது சிறிதன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாக ஒப்பித்தார். அது மொழியறிவு ஆகாது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த இயேசு சபைத் துறவி என்ரிக்கே என்ரிக்கஸ் அங்கே நிற்கவில்லை. போர்ச்சுகலின் விலா விசோசாவில் பிறந்த அவர் புன்னைக்காயலைத் தம் இருப்பிடமாக்கி, பரதவர் பேசிய தமிழைக் காதால் கேட்டு வினைத்திரிபுகளை வகுத்தார். சுமார் 1549-இல் உருவான அவருடைய 'ஆர்த்தே த லிங்குவா மலபார்', ஐரோப்பியர் ஒருவர் எழுதிய தமிழ் இலக்கணங்களில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழையது. நன்னூல் வழியில் எழுந்த நூல் அன்று அது. இலத்தீன் இலக்கணச் சட்டத்தில் கடற்கரைப் பேச்சை வைத்துப் பார்த்த முயற்சி. சட்டம் பல இடங்களில் பொருந்தவில்லை. ஆயினும் பதினாறாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழை அறிய இத்தனை நெருக்கமான சான்று வேறு அரிது.

அவர் வகுத்த கற்றல் முறையும் கடுமையானது. குருக்கள் தமக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும், மீறினால் தண்டனை. பேச்சில் தேர்ந்த பிறகே எழுத்து வேலை. அந்த அடித்தளத்தின் மேல்தான் 1578-இல் கொல்லத்தில் 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்', 1579-இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்', 1586-இல் 'அடியார் வரலாறு' ஆகியவை தமிழெழுத்தில் அச்சேறின. 1600-இல் இறந்த என்ரிக்கஸ் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

பின்வந்த மறைப்பணியாளர்கள் ஏட்டை வளப்படுத்தினார்கள். புரோயென்சாவின் தமிழ்–போர்ச்சுகீசிய அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் வெளிவந்தது.

மொழிக் கல்வியில் தேர்வு முறை நிலைபெற்றது 1812-இல், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில். கும்பினியின் இளநிலை அதிகாரிகள் தென்னிந்திய மொழிகளைக் கற்றுத் தேர்வெழுத வேண்டியிருந்தது. தேர்ச்சிக்கு ஏற்பப் படி உயர்ந்தது. மொழியறிவு அரசுப் பணியின் தகுதியாயிற்று. அக்கல்லூரியை உருவாக்கிய எல்லிஸ், தென்மொழிகள் சமஸ்கிருதத்தினின்று பிறந்தவை அல்ல என்பதை 1816-இல் சான்றுகளுடன் எழுதினார். அதை விரிவான ஒப்பிலக்கணமாக வளர்த்து 1856-இல் வெளியிட்டவர் கால்டுவெல். 1841 முதல் அவர் வாழ்ந்த இடையன்குடி இந்தக் கரைக்கு மிக அருகில் உள்ளது. சாயர்புரத்தில் பள்ளி நடத்திய ஜி. யு. போப் 1884-இல் ஆக்ஸ்போர்டில் தமிழாசிரியரானார். உலகத் தமிழியலுக்கு இந்தத் தேரிக்காட்டு ஊர்கள் அளித்ததை நாம் போதிய அளவு கற்பிப்பதில்லை.

இந்தக் கரையின் தமிழாய்வில் அறுந்த இழையை மீண்டும் முடிச்சிட்டவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துக் கரம்பனில் பிறந்து, வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றவர் அவர். 1952-இல் தூத்துக்குடியிலிருந்து 'தமிழ்க் கல்ச்சர்' ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1954-இல் வத்திக்கான் நூலகத்தில் புரோயென்சா அகராதியைக் கண்டு, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். என்ரிக்கஸின் இலக்கணத்தை 1982-இல் ஹைடல்பர்க்கில் வெர்மியர் பதிப்பித்தார். ஜீன் ஹெய்னும் வ. சு. இராசமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் வெளிவந்தது. நம் கரையின் பேச்சைப் பதிந்த நூலைப் படிக்க நாம் லிஸ்பனில் உள்ள சுவடியையும் வெளிநாட்டுப் பதிப்பையும் நாட வேண்டியிருக்கிறது என்பது வருத்தத்துக்குரியது.

இதற்கிடையே அந்தப் பேச்சே மெலிந்து வருகிறது. தூத்துக்குடியில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு (சலாபம்) 1961-உடன் நின்றுவிட்டது. முத்துப் பாரில் மூழ்கியவர்களின் தலைமுறை மறைந்துவருகிறது. கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றையும், நீவாடு என்று நீரோட்டத்தையும் பிரித்தறியும் வழக்கு இன்னும் உயிரோடிருக்கிறது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' நாவல்கள் அதை இலக்கியத்தில் நிறுத்தின. மொழியியல் பதிவு அதனினும் வேறான பணி: ஒலியைப் பதிய வேண்டும், ஊருக்கு ஊர் வேறுபாட்டைக் குறிக்க வேண்டும், வினைவடிவங்களைத் தொகுக்க வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் இதை மேற்கொள்ள வேண்டும். மணப்பாட்டிலோ புன்னைக்காயலிலோ பெரியவர் ஒருவரிடம் நேரில் கேட்டுப் பதிந்த பேச்சை அடிப்படையாகக் கொண்ட ஆய்வேட்டை, ஆனர்ஸ் பட்டத்தின் கட்டாய நிபந்தனையாக்குங்கள். கேட்டுப் பதியப் பெரியவர்கள் இருக்கும்போதே இதைத் தொடங்குங்கள்.