எல்லைப்புற மட்கலச் சொற்கள்: பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி

மட்கலத் தொழிலின் வரலாற்றைக் கலங்களைக் கொண்டு எழுதுவது தொல்லியலார் மரபு. அத்தொழிலுக்குரிய சொற்களைக் கொண்டும் அவ்வரலாற்றை ஆராய இயலும். தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்கள் அதற்குத் தக்க களமாகும். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரியிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஒரே வட்டாரத்துத் தொழிற்சொற்கள் இதனால் இருவேறு மொழிகளின் அகராதிகளுக்கு உரியனவாயின.

இச்சொற்களை விளங்கிக்கொள்ளச் செய்முறையை அறிதல் வேண்டும். குயவர் களிமண்ணோடு மணலைக் கலந்து மிதித்துப் பதப்படுத்துவர். மணற்கலப்பினால் கலம் தீயின் வெம்மையைத் தாங்கும். சக்கரத்தில் வாயும் கழுத்தும் உருப்பெற்றபின், அடி மூடப்பெறாத கலத்தை நூலால் அறுத்தெடுப்பர். சற்று உலர்ந்ததும் உட்புறம் கல்லை அணைத்து, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டுவர். சுவர் மெலிந்து, அடி திரண்டு மூடிக்கொள்ளும். மூலையற்ற அவ்வடியில் வெப்பம் சீராகப் பரவுதலின் கலம் எளிதில் விரிசலுறாது. சக்கரத்தில் செய்வது வனைதல். பலகையால் செய்வது தட்டுதல். ‘பானை செய்தான்’ என்னும் பொதுத்தொடர் இவ்விரு நிலைகளையும் மறைத்துவிடுகிறது.

வனைதல் என்பதற்கு இணையான மலையாள வினை ‘மனயுக’ என்பது. 1872இல் வெளிவந்த குண்டர்ட்டின் மலையாள அகராதி இதனைப் பதிவு செய்துள்ளது. வகர மகர மாற்றம் திராவிட மொழிகளில் அறியப்பட்டதே. தமிழ்ச் சூளை மலையாளத்தில் ‘சூள’ ஆவது ஈற்று ஐகாரம் அகரமாகும் பொதுவிதியின்பாற்படும். குயவன், குசவன் என இருவடிவும் தமிழில் உள. மலையாளம் சகர வடிவத்தையே போற்றியது.

ஒலிமாற்றத்தினும் பொருள்மாற்றமே மொழிபெயர்ப்பாளருக்கு இடர் தருவது. கலம் என்பது பழந்தமிழில் மட்பாண்டத்தையும் குறித்தது. இற்றைத் தமிழில் அணிகலம், மரக்கலம், விண்கலம் என உயர்வழக்கில் பயில்கிறது. மலையாளத்திலோ அது அன்றாடம் சோறு சமைக்கும் பானையாகவே நிலைத்தது. மலையாளக் கதையில் அடுக்களையில் இருக்கும் கலத்தைத் தமிழிலும் ‘கலம்’ என்றே பெயர்த்தால், ஏழையின் அடுப்பங்கரை காப்பியச் சாயல் பெற்றுவிடும். அவ்வாறே தமிழில் ‘திரிகை’ குயவர் சக்கரத்தையும் அரைக்கும் கல்லையும் குறிக்க, மலையாளத் ‘தெரிக’ உருண்டையடிக் கலத்தைத் தாங்கும் பிரிமணையைக் குறிக்கும். வடிவொற்றுமை கண்டு ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளின், பிரிமணை இருக்க வேண்டிய இடத்தில் சக்கரம் வந்து நிற்கும்.

பொருள் அறியாமல் சொல்லை அறிய இயலாது என்பதற்குப் பனைத்தொழில் சான்றாகும். பதநீரை ‘அக்கானி’ என வழங்கும் இவ்வட்டாரத்தில், அதனை இறக்கும் கலயம் பாளையோடு சேர்த்துக் கட்டப்படுவது. ஆகவே அது சிறிதாகவும் கயிறு நழுவாத கழுத்துடையதாகவும் அமைதல் வேண்டும். சாறு புளியாதிருக்க உட்புறம் சுண்ணாம்பு பூசுவர். ‘சிறு மட்பாண்டம்’ என்னும் அகராதி விளக்கத்தில் பாளையும் கயிறும் சுண்ணாம்பும் இடம்பெறுவதில்லை.

அலுமினியமும் எவர்சில்வரும் அடுக்களையில் இடம்பெற்றபின் மட்கலப் பயன்பாடு குறைந்தது. கலத்தின் பெயர் நூல்களிலேனும் எஞ்சும். செய்முறையின் வினைச்சொற்களும் உறுப்புப் பெயர்களும் செய்வோர் அருகும்போது அவர்களோடு மறையும். தெலுங்கில் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இல் உழவுச் சொற்களுக்கும் பின்னர் நெசவுச் சொற்களுக்கும் வட்டார வழக்கு அகராதிகளை உருவாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்த பெரும்பணியாயினும், பெரிதும் நூல்வழக்கைத் தழுவியது. எல்லைப்புற மட்கலச் சொற்களை இருமொழி வடிவங்களோடும் செய்முறைப் படங்களோடும் தொகுத்தல் வேண்டும். கலத்தை வனையும் கை இயங்கும்போதே அதன் சொல்லைக் கேட்டு எழுதுதல் எளிது. பின்னர் ஓடுகளைக் கொண்டு ஊகிக்கவே நேரும்.