மூன்று தம்பிடி வரியும் ஓர் இருப்புப்பாதையும்: தஞ்சை ஜில்லா போர்டின் எழுச்சியும் முடிவும்

தமிழ்நாட்டு உள்ளாட்சியின் கதையைச் சொல்பவர்கள் 1882 மே 18 தேதியிட்ட ரிப்பன் பிரபுவின் தீர்மானத்தில் தொடங்கி, 1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்துக்குத் தாவிவிடுவது வழக்கம். இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டில் கிராமப்புறத்தின் சாலை, பள்ளி, ஆஸ்பத்திரி ஆகியவற்றைக் கவனித்துவந்த ஜில்லா போர்டுகளுக்கு ஒரு பத்தி கிடைத்தாலே பெரிது. தஞ்சை ஜில்லா போர்டின் வரலாறு அப்படித் தாண்டிப் போகக்கூடியதல்ல. தானே வரி போட்டுத் தானே சொத்து சேர்க்கும் துணிவு அதற்கு இருந்தபோது மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை. அப்படி ஒரு தலைவர் வந்த பிறகோ பணப்பை மெல்ல மெல்லக் கைநழுவியது. இக்கட்டுரை அந்த முரணைப் பின்தொடர்கிறது.

போர்டின் வேர் சாலை வரியில் இருக்கிறது. 1866இல் சென்னை மாகாணத்தில் சாலைகளுக்கென நிலத்தின்மீது ஒரு கூடுதல் தீர்வை வந்தது. 1871ஆம் ஆண்டின் ஸ்தல நிதிச் சட்டம் அதை விரிவாக்கி, மாகாணத்தை ஸ்தல நிதி வட்டாரங்களாகப் பிரித்தது. வட்டாரத்துக்கு ஒரு போர்டு, அதற்குக் கலெக்டரே தலைவர், உறுப்பினர்கள் அரசின் நியமனம். 1884இன் ஸ்தல போர்டுகள் சட்டம் இதை மூன்றடுக்காக்கியது: மேலே ஜில்லா போர்டு, நடுவில் தாலுகா போர்டு, கீழே யூனியன். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், நாகப்பட்டினம், மன்னார்குடி ஆகிய ஐந்து நகராட்சிகளை விட்டுவிட்டால், மாவட்டத்தின் எஞ்சிய நிலப்பரப்பு முழுவதும் இந்த அமைப்பின்கீழ் வந்தது. கலெக்டர் மட்டும் நாற்காலியை விடவில்லை.

வரியை அன்றைய நாணயக் கணக்கில் பார்ப்பது நல்லது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. நிலத் தீர்வையில் ரூபாய்க்கு ஓர் அணா போர்டின் வழக்கமான வரி. அதற்கு மேல், ரயில்வேக்கென்றே ரூபாய்க்கு மூன்று தம்பிடி தஞ்சையில் வசூலானது. ஆண்டுக்கு 64 ரூபாய் தீர்வை கட்டும் மிராசுதார் போர்டுக்கு 4 ரூபாயும், ரயிலுக்கு 1 ரூபாயும் சேர்த்துக் கட்டினார். தனி வசூல்காரர் தேவைப்படவில்லை. கிஸ்தியோடு சேர்ந்தே வந்துவிட்டது.

அந்த ஒரு ரூபாய்க்குக் காரணம் இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இலேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் அந்தப் பாதைக்குத் தெற்கே, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் மாட்டுவண்டிதான். வண்டல் களிமண் பூமியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் நெல் பாரத்தோடு வண்டி ஓட்டுவது எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போர்டு போட்ட முதல் பாதை 1894இல் மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை, ஏறத்தாழ 54 மைல் நீளத்துக்குத் திறக்கப்பட்டது. பட்டுக்கோட்டைக்கு 1902இலும் அறந்தாங்கிக்கு 1903இலும் அது நீண்டது. பாதை போர்டுக்குச் சொந்தம். வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பின்னாளில் கோயம்புத்தூர் போன்ற வேறு போர்டுகளும் இந்த வழியில் இறங்கின. ஓர் உள்ளாட்சி அமைப்பு இன்று பேருந்து நிழற்குடை கட்டவே நிதி ஒதுக்கீட்டை எதிர்பார்த்திருக்கும் நிலையில், இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் மூன்று தம்பிடியைத் தீர்மானித்த சபையில் அதைக் கட்டிய குடியானவனின் குரல் இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1920ஆம் ஆண்டுச் சட்டம் நிலைமையை மாற்றியது. உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கினர் தேர்தலில் வர வேண்டும் என்றானது. போர்டுத் தலைவர் பதவி மாவட்ட அரசியலின் பெரிய பரிசாகியது. தஞ்சையில் 1924 முதல் 1930 வரை தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியின் ஏ.டி. பன்னீர்செல்வம். தஞ்சை வட்டக் கழகம் எனப்பட்ட தாலுகா போர்டின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தை வளர்த்த த.வே. உமாமகேசுவரனார்.

இவர்கள் காலத்தின் பெயர்பெற்ற காரியம் சத்திரங்களைப் பற்றியது. ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களுக்காக மராட்டிய அரசர்கள் கட்டிய சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் போர்டின் பொறுப்பில் இருந்தன. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. 1914இல் பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய பின் நடந்துபோகிற யாத்திரிகருக்கான சோற்றுக்கு முன்போலத் தேவை இருந்திருக்காது. அந்த வருமானத்தைக் கொண்டு ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் ஏழை மாணவர் விடுதிகள் நடந்தன. சாதி பாராமல் பிள்ளைகள் தங்கிப் படித்தார்கள். வடமொழி மட்டும் கற்பித்துவந்த திருவையாற்றுக் கல்லூரியில் தமிழும் இடம்பெற்றது. இருப்புப்பாதையைவிட இதுவே போர்டின் பெரிய சாதனை என்பது என் கணிப்பு.

ஆனால் பணத்தின் கதை வேறு திசையில் போனது. சாலைச் சுங்கச்சாவடிகள் போர்டுகளின் சொந்த வருமானம். 1931இல் மோட்டார் வாகன வரிச் சட்டம் சாவடிகளை மூடி, வரியை மாகாண அரசின் கையில் கொடுத்து, போர்டுகளுக்கு ஈட்டுத்தொகை என்றது. சாலையில் போகிறவரிடம் நேரே வாங்கிய காசு, சென்னையிலிருந்து வரும் மானியமாக மாறியது. 1934இல் தாலுகா போர்டுகள் ஒழிக்கப்பட்டன. ஜில்லா போர்டுக்கும் கிராமப் பஞ்சாயத்துக்கும் இடையே இருந்த படி காணாமல் போனது.

சுதந்திரத்துக்குப் பின் ஜில்லா போர்டு ‘மாவட்ட நாட்டாண்மைக் கழகம்’ என்று பெயர் மாறியும், ஊரார் வாயில் ‘போர்டு ஸ்கூல்’ போர்டு ஸ்கூலாகவே இருந்தது. 1958இன் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களைக் கொண்டுவந்தது. 1960 அக்டோபர் 2 முதல் அவை கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்க, ஜில்லா போர்டுகள் மறைந்தன. தொடக்கப் பள்ளிகளும் கிராமச் சாலைகளும் ஒன்றியங்களுக்குப் போயின. நிலத் தீர்வையோடு வசூலாகும் தலவரியும் கீழே இறங்கியது. மக்களுக்கு அருகில் அதிகாரம் வந்தது என்ற வகையில் இது முன்னேற்றம்தான். மாவட்ட மட்டத்தில் எஞ்சியது மாவட்ட வளர்ச்சி மன்றம் என்ற ஆலோசனை அமைப்பு. அதற்குத் தலைவர், கலெக்டர்.

1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாவட்ட ஊராட்சி என்ற பெயரில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை மாவட்ட மட்டத்துக்குத் திரும்பியது. 1996இல் அதற்குத் தேர்தலும் நடந்தது. பழைய தஞ்சை போர்டின் எல்லை இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கிறது; அறந்தாங்கிப் பகுதி புதுக்கோட்டையோடு சேர்ந்துவிட்டது. முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கிக்குப் போகும் பாதை அகலப்பாதையாகி, 2019 முதல் திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே ரயில் ஓடுகிறது. மாவட்ட ஊராட்சிக்குச் சொந்தமாக வரி விதிக்கும் அதிகாரம் மட்டும் இன்றுவரை இல்லை.