முதுமையா, பரம்பரையா? இதய மின்கடத்தல் தடை ஆய்வின் ஒரு நூற்றாண்டு

முன்னுரை

இதயத்தின் வலது மேலறையில் எழும் மின் தூண்டல் கீழறைகளை எட்ட 0.12 முதல் 0.20 நொடி வரை எடுத்துக்கொள்கிறது. இ.சி.ஜி. தாளில் இதைக் கண்ணாலேயே அளக்கலாம்: பி அலையின் தொடக்கத்திலிருந்து கியூ.ஆர்.எஸ். அலையின் தொடக்கம் வரையுள்ள தூரம் ஒரு பெரிய கட்டத்தைத் தாண்டக்கூடாது. பி.ஆர். இடைவெளி எனப்படும் இது நீண்டுகொண்டே போய், ஒரு கட்டத்தில் தூண்டல் கீழறைக்கு வராமலே நின்றுவிடுவதுதான் முழு இதயத் தடை. இந்நோய் முதுமையால் வருகிறதா, பரம்பரையாக வருகிறதா என்ற கேள்வி நூறாண்டுக்கு மேலாக ஆய்வாளர்களை இரு பக்கமாகப் பிரித்து வைத்திருந்தது. அந்தப் பிரிவு எவ்வாறு மறைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாதை கண்டறியப்பட்ட காலம்

1893இல் வில்ஹெல்ம் ஹிஸ், மேலறையையும் கீழறையையும் இணைக்கும் தசைக்கற்றையை விவரித்தார். ஜெர்மனியின் மார்பர்க் நகரில் அஷாஃபின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜப்பானியரான சுனாவோ தவாரா, அக்கற்றை ஒரு கணுவில் தொடங்கி, கிளைகளாகப் பிரிந்து, பர்கின்ஜி இழைகளில் முடிவதை 1906இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு கீத், ஃபிளாக் இருவரும் துடிப்பு தொடங்கும் சைனஸ் கணுவைக் கண்டனர்.

பரம்பரையின் முதல் தடயமும் இதே காலத்தில்தான் கிடைத்தது. மெதுவான நாடி, மயக்கம், திடீர் மரணம் ஆகியவை ஒரே குடும்பத்துக் குழந்தைகளைத் தொடர்ந்து தாக்குவதை உருகுவே மருத்துவர் லூயிஸ் மோர்கியோ 1901இல் பதிவு செய்தார். பாதையே முழுமையாக அறியப்படாத நிலையில் அந்தப் பதிவுக்கு விளக்கம் தர யாராலும் இயலவில்லை.

1964: இரு விளக்கங்கள்

கடத்தல் திசுவை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் ஆராய்ந்த இருவர் 1964இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்கரான மாரிஸ் லெவ், வயதாக ஆக இதயத்தின் நார்ச்சட்டகம் இறுகிக் கற்றையின் கிளைகளை நசுக்குகிறது என்றார். பிரான்சின் ஜான் லெனெக்ர், கிளைகளே தம்மளவில் சிதைந்து நார்த்திசுவாக மாறுகின்றன என்றார். இரு விளக்கங்களிலும் காரணமாகக் கருதப்பட்டது தேய்மானமே. மரபணுவுக்கு அங்கே இடமில்லை.

குடும்பங்கள் காட்டிய வழி

1977இல் பிரிங்க், டாரிங்டன் இருவரும் தென்னாப்பிரிக்கக் குடும்பங்களில் தலைமுறைதோறும் தொடரும் இதயத் தடையை விவரித்தனர். அவர்கள் முதல் வகை என வகுத்த தடை கொண்ட குடும்பங்களின் வம்சாவளி, 1696இல் போர்ச்சுகலிலிருந்து அங்கு குடியேறிய ஒரு மூதாதையிடம் போய்ச் சேர்ந்தது. 1995இல் நோய்க்குரிய இடம் 19ஆம் குரோமோசோமில் இருப்பது தெரியவந்தது. டி.ஆர்.பி.எம்.4 என்ற மரபணுவில் உள்ள ஒற்றை எழுத்து மாற்றமே காரணம் என்பது 2009இல் உறுதியானது. அம்மாற்றத்தால் புரதத்தின் ஏழாவது அமினோ அமிலமாகக் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் அமர்கிறது. இதனால் அப்புரதத்தாலான அயனிக் கால்வாய்கள் செல்படலத்தில் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன.

இதற்கிடையே 1999இல் பிரெஞ்சு, டச்சு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இத்துறையின் திருப்புமுனை. லெனெக்ர் விவரித்த நோய் பரம்பரையாக வந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில், எஸ்.சி.என்.5ஏ மரபணுவில் மாற்றம் இருந்தது. இதயத்தசைச் செல்லுக்குள் சோடியம் பாய்ந்து தூண்டலை முன்னே செலுத்தும் கால்வாயை உருவாக்குவது இந்த மரபணுவே. அக்குடும்பத்தில் ஓர் எழுத்து மாறியதால் 22ஆம் எக்சான் எனும் குறியீட்டுத் துண்டு விடுபட்டு, மரபணுவின் அந்தப் பிரதியிலிருந்து வரும் கால்வாய் பயனற்றுப் போனது. இதே மரபணுவின் வேறு மாற்றங்கள் நீள் கியூ.டி. நோய்க்குக் காரணம் என 1995இலும், புருகாடா நோய்க்குக் காரணம் என 1998இலும் அறியப்பட்டிருந்தன. கால்வாய் மூட வேண்டிய நேரத்தில் முழுதாக மூடாவிட்டால் ஒரு நோய், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காவிட்டால் வேறு நோய்.

பிணக்கு தீர்ந்த விதம்

பழுதான மரபணுவோடு பிறந்தவருக்கு ஏன் நடுவயதில்தான் தடை தோன்றுகிறது? மரபணுவின் ஒரு பிரதியை இழந்த குடும்பத்தினரின் கியூ.ஆர்.எஸ். அலை வயது ஏற ஏற அகன்று வருவதை பிரான்சின் நான்த் ஆய்வுக்குழு 2003இல் காட்டியது. ஒரு பிரதியை நீக்கிய சுண்டெலிகளில் கடத்தல் வயதோடு மந்தமாவதுடன், முதுமையில் இதயத்தசையில் நார்த்திசுவும் படிவது 2005இல் தெரியவந்தது. நுண்ணோக்கியில் லெனெக்ர் கண்ட நார்த்திசுவுக்கும் மரபணுவுக்கும் உள்ள உறவு இவ்வாறு வெளிப்பட்டது. பிறப்பிலேயே குறைந்திருக்கும் கடத்தல் திறன் இளமையில் ஈடுகட்டப்படுகிறது; முதுமையில் அந்த ஈடுகட்டல் தவறிவிடுகிறது.

குடும்பங்களிலிருந்து மக்கள்தொகைக்கு

2010இல் லண்டனில் வாழும் இந்திய வம்சாவளியினரிடம் நடந்த ஆய்வு, எஸ்.சி.என்.10ஏ என்ற மரபணுப் பகுதியின் பொதுவான ஒரு மாறுபாடு பி.ஆர். இடைவெளியை நீட்டுவதைக் கண்டறிந்தது. ஐஸ்லாந்திலும் ஐரோப்பாவிலும் நடந்த ஆய்வுகள் அதே ஆண்டில் அதே பகுதியைச் சுட்டின. வலியுணர்த்தும் நரம்புகளுக்குரியதாக அறியப்பட்டிருந்த மரபணு இது. பின்வந்த ஆய்வுகள் மேலும் ஓர் உண்மையைச் சொல்லின: அப்பகுதியின் ஒரு துண்டு, பக்கத்தில் இருக்கும் எஸ்.சி.என்.5ஏ மரபணு எவ்வளவு செயல்பட வேண்டும் என்பதை நெறிப்படுத்துகிறது. ஆக, அரிய குடும்பநோயும் நலமான மனிதர்களிடையே காணும் சிறு வேறுபாடும் ஒரே மரபணுவைச் சுற்றியே அமைந்துள்ளன.

முடிவுரை

லெவ், லெனெக்ர் இருவர் கண்டதும் பொய்யில்லை. மோர்கியோ கண்டதும் பொய்யில்லை. மரபணு தொடங்கி வைப்பதை வயது முடித்து வைக்கிறது. மருத்துவர்கள் இதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம் தெளிவானது. 50 வயதுக்கு முன் தக்க காரணமின்றி இதயத் தடை வந்தவருக்குப் பேஸ்மேக்கர் பொருத்துவதோடு பணி முடிந்துவிடாது. அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் அனைவருக்கும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். இன்று இயல்பாக இருக்கும் இ.சி.ஜி. பத்தாண்டு கழித்தும் அப்படியே இருக்கும் என்ற உறுதியில்லை. ஆகவே குறித்த கால இடைவெளியில் அதைத் திரும்ப எடுப்பதும் கட்டாயம்.